நாலு வியாதி, நாலு டாக்டர், ஒரே பேப்பர்: மருந்து லிஸ்ட் ரெடி பண்றது எப்படி?

அம்மாவுக்கு சுகர், பிபி, தைராய்டு, போதாக்குறைக்கு மூட்டுவலி வேற. ஒவ்வொண்ணுக்கும் ஒரு டாக்டர், ஒவ்வொரு டாக்டருக்கும் ஒரு ஃபைல். ஒரு தடவை மூட்டுவலிக்குன்னு போனப்ப டைக்ளோஃபெனாக் எழுதிக் கொடுத்தாங்க, ஏற்கனவே பிபிக்கு டெல்மிசார்ட்டனும் நீர் பிரியுற மாத்திரையும் ஓடிட்டு இருக்குன்னு நாங்க சொல்லல, அவங்களும் கேக்கல, மூணே வாரத்துல கிரியேட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டுற ரத்த டெஸ்ட்) ஏறிடுச்சு. இந்த மூணும் ஒண்ணு சேர்ந்தா கிட்னி அடிவாங்கும்ங்கறது அப்புறம்தான் தெரிஞ்சுது. நல்லவேளை, வலி மாத்திரைய நிறுத்தினதும் இறங்கிடுச்சு. தனித்தனியா பாத்தா மூணுமே சரியான மருந்துதான், மொத்தமா சேத்துப் பாக்கத்தான் ஆள் இல்ல.

அந்த ஆள் நீங்கதான். ஒரு ஏ4 பேப்பர், ஒரு பேனா, ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் போதும்.

ஸ்டெப் 1: எல்லாத்தையும் மேசைல கொட்டுங்க

டிராயர், ஹேண்ட்பேக், ஃபிரிட்ஜ் கதவுன்னு எங்கெங்க மருந்து இருக்கோ எல்லாம் வெளில வரணும். சீட்டு இல்லாம வாங்கின வலி மாத்திரை, வைட்டமின், யாரோ சொன்னாங்கன்னு சாப்பிடுற மூலிகைப் பொடி, கண்ணுக்கு விடுற சொட்டு மருந்து, ஊசி, இன்ஹேலர் எல்லாமே மருந்துதான். இப்ப பேப்பர்ல கோடு போட்டு எழுதுங்க: மருந்தோட பேர், எத்தனை மில்லிகிராம், எப்ப, எதுக்கு, யார் எழுதினது. பிராண்ட் பேர் மட்டும் எழுதாதீங்க, அட்டைல பொடி எழுத்துல இருக்குமே, அந்த உள்மருந்துப் பேரையும் எழுதணும். அம்மாவோட குவியல்ல வயித்து அமிலத்தைக் குறைக்கிற பேண்டோப்ரசோல் ரெண்டு வேற பிராண்ட்ல இருந்துச்சு, ரெண்டையும் தினமும் சாப்பிட்டுட்டு இருந்திருக்காங்க.

"எதுக்கு"ங்கற கட்டம் எங்க காலியா இருக்கோ அங்க ஒரு கேள்விக்குறி போட்டு வைங்க, அடுத்த விசிட்ல மொதல் கேள்வி அதுதான். மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடுறவங்களா இருந்தா அது வாரத்துக்கு ஒரு நாள் மட்டும்தான், எந்தக் கிழமைன்னு சிவப்புல வட்டம் போடுங்க, தெரியாம தினமும் சாப்பிட்டு உயிரே போயிருக்கு. அலர்ஜி ஏதாவது இருந்தா பேப்பர் உச்சியில பெருசா எழுதிடுங்க.

ஸ்டெப் 2: நேரத்தை சரி பண்ணுங்க

காலைல எல்லா மாத்திரையும் உள்ளங்கைல போட்டு ஒரே மடக்குல முழுங்குறது எங்க வீட்டுல வருஷக்கணக்கா நடந்துச்சு. தைராய்டுக்குக் கொடுக்குற லெவோதைராக்சினை வெறும் வயித்துல தண்ணியோட, சாப்பாட்டுக்கு 30ல இருந்து 60 நிமிஷம் முன்னாடி எடுக்கணும், கால்சியம், அயர்ன் மாத்திரைக்கும் இதுக்கும் நடுவுல 4 மணி நேரம் இருக்கணும். இல்லன்னா மருந்து உடம்புல சரியா ஏறாது, டிஎஸ்எச் (தைராய்டு எப்படி இருக்குன்னு பாக்குற ரத்த டெஸ்ட்) இறங்காது, டாக்டர் டோஸைக் கூட்டுவாரு. எங்களுக்கு அப்படியேதான் ஆச்சு. இதுல இன்னொரு சிக்கல் என்னன்னா, நேரத்தை சரி பண்ணினதும் அந்தக் கூட்டின டோஸ் அதிகமாப் போயிடலாம், அதனால டாக்டர்கிட்ட சொல்லிட்டு 6ல இருந்து 8 வாரத்துல டிஎஸ்எச் திரும்பப் பாருங்க.

விட்டுப்போன மாத்திரையையும் மறைக்காம குறிச்சு வைங்க. பணக்கார நாடுகள்லயே நாள்பட்ட வியாதிக்காரங்க பாதிப் பேர்தான் சொன்னபடி மருந்து எடுக்குறாங்கன்னு 2003லயே உலக சுகாதார நிறுவனம் சொல்லிருக்கு, அதனால வெக்கப்பட ஒண்ணும் இல்ல. மறைச்சா, மருந்து வேலை செய்யலன்னு நினைச்சு இன்னொண்ணு சேப்பாங்க.

ஸ்டெப் 3: வீட்டுல அளக்குறது

எல்லாத்தையும் தினமும் அளக்க ஆரம்பிச்சா ஒரு வாரத்துல அலுத்துடும். பிபிய மட்டும் ஒழுங்கா அளக்கக் கத்துக்கோங்க. அரை மணி நேரத்துக்கு காபி, சிகரெட், நடை எதுவும் வேணாம், பாத்ரூம் போயிட்டு வந்து முதுகு சாஞ்சு 5 நிமிஷம் சும்மா உக்காருங்க, கால் மேல கால் போடாதீங்க, பட்டைய சட்டைக் கை மேல சுத்தாம வெறும் கைல சுத்துங்க, கை நெஞ்சு உயரத்துல இருக்கணும், பேசக்கூடாது (எங்கம்மாவுக்கு இதுதான் ரொம்பக் கஷ்டம்). ஒரு நிமிஷ இடைவெளில ரெண்டு தடவை, காலைலயும் சாயங்காலமும், டாக்டரப் பாக்குறதுக்கு முந்தின 7 நாள். மொதல் நாளை விட்டுட்டு மிச்சத்துக்கு சராசரி போடுங்க. க்ளினிக்ல 140/90ன்னா வீட்டுல அது 135/85க்கு சமம்.

ஏ1சி டெஸ்ட் சுமாரா மூணு மாச சுகரோட சராசரி. ரத்த சோகை இருந்தாலோ ரத்தம் ஏத்தியிருந்தாலோ அந்த நம்பர் ஏமாத்தும், அதையும் பேப்பர்ல எழுதுங்க. ஹார்ட் ஃபெயிலியர் உள்ளவங்க தினமும் காலைல எடை பாக்கணும், மூணு நாளைக்குள்ள 2 கிலோ ஏறுச்சுன்னா அது உடம்புல தேங்குற நீர், உடனே டாக்டருக்கு ஃபோன் பண்ணுங்க.

ஸ்டெப் 4: மோசமான நாளுக்கு முன்கூட்டியே கேட்டு வைங்க

பேப்பரோட பின்பக்கம் இதுக்குத்தான். வாந்தி பேதின்னு உடம்புல தண்ணி வத்துற நாள்ல சுகருக்கான மெட்ஃபார்மின், டாபாகிளிஃப்ளோசின், அப்புறம் நீர் மாத்திரை, சில பிபி மாத்திரை இதுல எதை நிறுத்தி வைக்கணும், எப்ப திரும்ப ஆரம்பிக்கணும்னு உடம்பு நல்லா இருக்கும்போதே கேட்டு எழுதிக்கோங்க. ஸ்டீராய்டையும் பீட்டா பிளாக்கரையும் (பிபிக்கும் ஹார்ட்டுக்கும் கொடுக்குற ஒரு வகை மாத்திரை) நீங்களா சட்டுன்னு நிறுத்தக்கூடாது. சுகர் 70க்குக் கீழ போனா 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிஷம் கழிச்சு திரும்ப டெஸ்ட். ஆள் நினைவில்லாம இருந்தா வாயில எதையும் ஊத்தாதீங்க, ஆம்புலன்ஸ கூப்பிடுங்க.

ஸ்டெப் 5: டாக்டர் ரூமுக்குள்ள

உக்காந்ததும் பேப்பரை நீட்டுங்க, கதை அப்புறம். கேள்வி மூணுக்கு மேல வேணாம், முக்கியமானதை மொதல்ல கேளுங்க, ஏன்னா கதவுகிட்ட போய்த் திரும்பி கேக்குற கேள்விக்கு யாரும் நின்னு பதில் சொல்றதில்ல. நான் தவறாம கேக்குறது "இதுல எதையாவது குறைக்கலாமா?" புது மருந்து எழுதினா அங்கேயே லிஸ்டோட ஒத்துப் பாக்கச் சொல்லுங்க.

ஒவ்வொரு மாத்தத்துக்கும் பேப்பரைப் புதுசா எழுதி தேதி போட்டு ஃபோன்ல ஃபோட்டோ எடுத்து வீட்டுல எல்லாருக்கும் அனுப்பிடுங்க. பழசைக் கிழிச்சுப் போட்டுடுங்க, எங்க வீட்டுல ரெண்டு லிஸ்ட் சுத்திட்டு இருந்து, எது புதுசுன்னு அண்ணனுக்கும் எனக்கும் ஃபார்மசி வாசல்லயே சண்டை.