ஆன்லைனில் மனநல ஆலோசனை: வீட்டில் எல்லோரும் இருக்கும்போது எப்படிப் பேசுவது?

போன வருடம் மார்ச் மாதக் கணக்கு முடிக்கும் நாட்களில் ஆரம்பித்தது. விடியற்காலை 3 மணிக்கு விழிப்பு வரும். நெஞ்சு படபடவென்று அடிக்கும், வயிற்றைப் பிசையும். அதோடு தூக்கம் போச்சு. ஏழு மாதம் ஆன்லைனில் ஒரு சைக்காலஜிஸ்ட்டிடம் பேசினேன். இப்போது பெரும்பாலான இரவுகளில் நன்றாகத் தூங்குகிறேன். "எங்கிருந்து ஆரம்பிப்பது, வரிசையாகச் சொல்லுடி" என்று தோழி கேட்டதற்கு எழுதியது இது.

1. முதலில் ரத்தப் பரிசோதனை

தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும், ரத்தசோகை இருந்தாலும் இதே படபடப்பு வரும். பக்கத்தில் இருக்கும் பொது மருத்துவரிடம் ஒரு முறை காட்டிவிடுங்கள்.

2. ஆளைத் தேடுவது

சைக்கியாட்ரிஸ்ட் மருத்துவம் படித்தவர், மருந்து எழுதுவார். சைக்காலஜிஸ்ட் பேச்சு வழியாகச் சிகிச்சை தருபவர், மருந்து எழுத மாட்டார். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போட்டிருந்தால் ஆர்.சி.ஐ பதிவு எண்ணைக் கேளுங்கள். இந்திய மறுவாழ்வு கவுன்சில் தரும் எண் அது, அவர்கள் இணையதளத்திலேயே சரிபார்க்கலாம். நான் கேட்டபோது என் சைக்காலஜிஸ்ட் முகம் சுளிக்காமல் உடனே அனுப்பினார்.

இன்னொன்று, தமிழில் பேசுபவராகப் பாருங்கள். முதல் தடவை நான் ஆங்கிலத்தில்தான் பேசினேன். ஸ்ட்ரெஸ், ஆங்சைட்டி என்று சொல்லும்போது வேறு யாருடைய வியாதியையோ சொல்வதுபோல இருந்தது. "பயமா இருக்கு மேடம்" என்று வாயிலிருந்து வந்தபோதுதான் அழுகையும் சேர்ந்து வந்தது.

3. பேசும் இடம்

நான் சறுக்கிய இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் இரண்டே அறை. கூடத்தில் தம்பி, அடுப்படியில் அம்மா. என் பயத்தில் பாதி வீட்டுக் கடன் பற்றியது. மேடம் எது கேட்டாலும் "அப்படி ஒண்ணும் இல்ல", "பரவாயில்ல" என்றே மூன்று வாரம் ஓட்டினேன். நான்காவது வாரம் அவர் மெதுவாகக் கேட்டார்: "இப்போ பக்கத்துல யார் இருக்காங்க?" எனக்குப் பதில் வரவில்லை. "சரி, ஆமாம் இல்லைன்னு மட்டும் சொல்லுங்க, மீதியை டைப் பண்ணுங்க" என்றார். வாயால் சொல்ல முடியாத கடன் தொகையை அன்றுதான் சாட்டில் அடித்தேன்.

மறுநாள் அம்மாவிடம் சொன்னேன்: "புதன்கிழமை ஏழுலேருந்து எட்டு வரைக்கும் டாக்டர்கிட்ட பேசுறேம்மா. கதவைத் தட்ட வேண்டாம்." "என்கிட்ட சொல்லக்கூடாததா?" என்று கேட்டாள், கண் கலங்கியது. "உன்கிட்ட சொல்றதுக்குத்தான் அங்க பேசிப் பழகுறேன்" என்றேன். அடுத்த புதன் ஏழு மணிக்கு நான் கதவைச் சாத்தியதும், கூடத்தில் டிவி சத்தம் கூடியது. அம்மாவே கூட்டி வைத்திருந்தாள்.

சொல்லத் தோதில்லாத வீடு என்றால் மாடித் தண்ணீர்த் தொட்டி ஓரம், நிறுத்தி வைத்த கார், வேலை முடிந்தபின் ஆபீஸ் மீட்டிங் அறை. கதவு இருந்தால் சாத்திக்கொள்ளுங்கள், ஃபேன் இருந்தால் ஓட விடுங்கள், பேச்சு அவ்வளவாக வெளியே கேட்காது.

4. கருவிகள்

வயர் உள்ள இயர்போன்தான் வாங்குங்கள். ப்ளூடூத் முக்கியமான நேரத்தில் சார்ஜ் இறங்கி, குரல் ஸ்பீக்கருக்குத் தாவிவிடும். திரையில் உங்கள் முகம் தெரியும் சின்னக் கட்டத்தை மறைத்துவிடுங்கள். அழும் முகத்தைப் பார்த்துக்கொண்டே அழ முடியாது. வைஃபை திணறினால் வீடியோவை அணைத்துவிட்டுப் பேச்சைத் தொடருங்கள்.

5. முதல் நாளுக்கு முன்

பதற்றம் எவ்வளவு என்று பார்க்க ஜிஏடி-7 என்று ஒரு கேள்வித்தாள் இருக்கிறது. கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி ஏழு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 21. 10 முதல் 14 வரை வந்தால் பதற்றம் நடுத்தரம், 15 அல்லது அதற்கு மேல் வந்தால் கடுமை. இது நோயை உறுதி செய்யாது, ஆனால் பேச்சைத் தொடங்க உதவும். எனக்கு அப்போது 14, போன மாதம் 6.

6. வீட்டுப்பாடம்

வாரம் ஒரு மணி நேரப் பேச்சைவிட இதுதான் எனக்கு வேலை செய்தது. எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் சிபிடி என்ற சிகிச்சை முறையில் எண்ணக் குறிப்பு எழுதச் சொல்வார்கள். ஆப்கள் இருக்கின்றன, ஆனால் ஆப்பைத் திறந்தால் ஆபீஸ் மெசேஜும் கண்ணில் படும். நாற்பது பக்க நோட்டு போதும். என் நோட்டிலிருந்து ஒன்று:

நடந்தது: மாலை 6.40, மேனேஜர் மெசேஜ், "நாளைக்குக் கொஞ்சம் பேசணும்."
மனதில் ஓடியது: வேலையை விட்டு அனுப்பப் போகிறார்கள்.
உடம்பு: உள்ளங்கை வியர்வை, சாப்பாடு இறங்கவில்லை.
அதற்கு ஆதாரம்: போன வாரம் ஒரு பில் தவறியது.
எதிர் ஆதாரம்: அவரே "பரவாயில்லை, திருத்திவிடு" என்றார். இதே மாதிரி மெசேஜ் இதற்கு முன் நான்கு முறை வந்தது, நான்கும் லீவு விஷயம்.
மறுநாள்: லீவு விஷயம்தான்.

மனதில் ஓடுவதை எழுதாமல் நேராக எதிர் ஆதாரத்துக்குத் தாவாதீர்கள். நான் அப்படித் தாவியபோதெல்லாம் அது வெறும் ஆறுதலாகவே நின்றது, பயம் அப்படியே இருந்தது.

பிறகு சேர்த்தது: இதைப் படித்துவிட்டு, காசு இல்லாதவர்கள் என்ன செய்வது என்று மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். 14416, டெலி மனஸ் என்ற மனநல உதவித் தொலைபேசி எண். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய சேவை, இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் அடுத்த புதன்கிழமைக்காகக் காத்திருக்காதீர்கள், அந்த நிமிடமே இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள். அல்லது பக்கத்தில் உள்ள அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள்.

இன்னொன்று சேர்த்தது: "நான் சொல்வது ஆபீசுக்குத் தெரியுமா?" 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் ரகசியம் காக்கும் உரிமையைத் தருகிறது. உங்களுக்கோ பிறருக்கோ ஆபத்து என்பது போன்ற சில சூழ்நிலைகளில் மட்டும் விலக்கு உண்டு. கம்பெனி மூலம் கிடைக்கும் ஆலோசகர் என்றால், எது யாருக்குப் போகும் என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

கடைசியாக, ஒத்துவராத சைக்காலஜிஸ்ட்டை எப்படி மாற்றுவது என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். மூன்று நான்கு தடவை பார்த்தும் மனம் திறக்கவில்லை என்றால் மாற்றலாம், தப்பே இல்லை. சொல்லாமல் நிறுத்தாமல் இப்படி அனுப்புங்கள்: "வணக்கம் மேடம், எனக்கு வேறு ஒருவரிடம் பேசிப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. யாரையாவது பரிந்துரைக்க முடியுமா?"