பாரசீகக் கம்பளமா? முதலில் முதுகைப் பாருங்கள்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கண்காட்சியில் 'கையால் செய்தது' என்ற சீட்டை நம்பி ஒரு கம்பளம் வாங்கினேன். மூன்றாம் ஆண்டில் அதை நகர்த்தியபோது தரையெல்லாம் வெள்ளை மாவு. அடியில் பூசியிருந்த ரப்பர் பசை பொடிந்து உதிர்ந்திருந்தது. கடைக்காரர் பொய் சொல்லவில்லை. கையால் செய்ததுதான், ஆனால் நெய்ததல்ல. துப்பாக்கி போன்ற கருவியால் துணியில் நூலைக் குத்தி இறக்கி, பின்னால் பசை தடவி, மேலே இன்னொரு துணியை ஒட்டி மறைத்த 'டஃப்டட்' சரக்கு. உத்தரப் பிரதேசத்தின் பதோஹி வட்டாரத்தில் முடிச்சுக் கம்பளமும் தயாராகிறது, இதுவும் தயாராகிறது. சீட்டைப் படித்த நான் முதுகைப் பார்க்கவில்லை.

நெய்த கம்பளத்தின் முதுகில் ஒட்டுத்துணிக்கு வேலையே இல்லை. தறியில் பாவு என்னும் நெடுக்கு இழைகளைக் கட்டி, இரண்டிரண்டு பாவு இழைகளைச் சுற்றிக் கம்பளி நூலை முடிந்து அறுக்கிறார்கள். ஒரு வரிசை முடிந்ததும் குறுக்கு இழையான ஊடையைச் செலுத்திக் கனத்த சீப்பால் தட்டி இறுக்குகிறார்கள். அதனால் முன்பக்கத்துப் பூ பின்பக்கத்திலும் புள்ளி புள்ளியாக அப்படியே தெரியும். (நம் பவானி ஜமக்காளத்தில் பாவும் ஊடையும் மட்டுமே, முடிச்சு கிடையாது.) ஓரத்தில் தொங்கும் குஞ்சம் அந்தப் பாவின் நுனிதான். அது தனியாகத் தைத்து ஒட்டியிருந்தால் சந்தேகப்படுங்கள். அழுக்காகிறதே என்று அதைக் கத்தரித்துவிடும் வீடுகளும் உண்டு. ஓர வரிசைகள் பிரியத் தொடங்கிய பிறகுதான் வெட்டியது அலங்காரமல்ல என்று புரியும்.

அடுத்த பொறி, முடிச்சு எண்ணிக்கை கூடினால் தரமும் கூடும் என்ற நம்பிக்கை. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ள புகழ்பெற்ற பாரசீகக் கம்பளமான அர்தபில் 1539-40இல் முடிந்தது. பத்து மீட்டருக்கு மேல் நீளம், சதுர அங்குலத்துக்குச் சுமார் 340 முடிச்சுகள். ஈரானின் கோம் நகரத்து இன்றைய பட்டுக் கம்பளங்கள் பல இந்த எண்ணைத் தாண்டிவிடும். அதற்காக அவை அர்தபிலை வென்றுவிட்டன என்று யாரும் சொல்வதில்லை. ஈரானின் வடமேற்கிலுள்ள ஹெரிஸ் வட்டாரக் கம்பளத்தில் முடிச்சு மிகக் குறைவு. ஆனால் முரட்டுக் கம்பளியும் கோணக் கோண வடிவங்களுமாகத் தலைமுறைகள் மிதித்தாலும் தாங்கும். என்னைக் கேட்டால் கூடத்துக்கு அதுதான் சரி.

எண்களிலேயே வழுக்கும் இடமும் உண்டு. ஈரானின் தப்ரீஸ் நகரில் 'ரஜ்' என்பார்கள். ஏறக்குறைய ஏழு சென்டிமீட்டரில் எத்தனை முடிச்சு என்ற கணக்கு, கூடினால் நேர்த்தி. இன்னொரு ஈரானிய நகரமான நாயினில் 'லா' என்பது பாவு நூலில் எத்தனை புரி முறுக்கியிருக்கிறது என்ற கணக்கு. அங்கே நான்கு லாதான் மிக நுட்பம், ஒன்பது லா தடிமன். பெரிய எண் பெரிய தரம் என்று நினைத்து ஒன்பது லாவுக்குக் கூடுதலாகக் கொடுத்துவிடாதீர்கள். 'ஜுஃப்தி' என்ற குறுக்குவழியையும் கேட்டு வையுங்கள்: இரண்டு இழையில் போடவேண்டிய முடிச்சை நான்கில் போடுவது. வேலை பாதி, அடர்த்தியும் பாதி.

கதை சொல்லி விற்பதில் வியாபாரிகள் கெட்டிக்காரர்கள். 'இருநூறு ஆண்டுப் பழைய கோம்' என்றால் சிரித்துவிட்டு நகருங்கள்; அந்த நகரம் கம்பளத்தில் பெயர் எடுத்ததே 1930களுக்குப் பிறகுதான். இறைவன் ஒருவனே குறையற்றவன் என்பதால் நெசவாளர் வேண்டுமென்றே ஒரு பிழை விடுவார் என்பது இன்னொரு கதை. லட்சக்கணக்கில் முடிச்சுப் போடும் கைக்குப் பிழையை வரவழைக்க வேண்டிய அவசியம் இருக்காது என்பது என் எண்ணம்.

உண்மையில் குறையல்லாத ஒன்றைக் குறை என்று ஒதுக்குகிறவர்களும் உண்டு. சிவப்புப் பரப்பின் நடுவே திடீரென்று சற்று வெளிறிய பட்டை ஓடும். அதற்கு 'அப்ராஷ்' என்று பெயர். மஞ்சிட்டி இனத்து வேரில் சாயமேற்றிய ஒரு தொகுதி நூல் தீர்ந்து, அடுத்த தொகுதி வேறு சாயலில் வந்திருக்கும். ஈரானின் ஃபார்ஸ் பகுதியின் நாடோடிப் பெண்கள் வரைபடம் வைத்துக்கொள்ளாமல் மனத்திலிருந்து நெய்கிறார்கள். அந்தக் கலையை 2010இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. அங்கே ஒரே சீரான நிறத்தைத் தேடுபவர் இயந்திரக் கம்பளம் வாங்கிக்கொள்ளலாம்.

நிறத்தைச் சோதிக்க ஈரமான வெள்ளைத் துணியால் ஓரத்தில் தேய்த்துப் பாருங்கள்; சாயம் ஒட்டினால் வேண்டாம். 'மூங்கில் பட்டு' பட்டல்ல, பெரும்பாலும் தாவரக்கூழிலிருந்து செய்யும் விஸ்கோஸ் நூல். தண்ணீர் பட்டால் பொலிவு போய்விடும். விரித்த கம்பளத்தை எதிர்ப்பக்கம் போய் நின்றும் பாருங்கள். கம்பளியின் சாய்வால் ஒரு முனையிலிருந்து கருத்தும் மறுமுனையிலிருந்து வெளுத்தும் தெரியும். வீட்டில் எந்தப் பக்கம் வாசலைப் பார்க்க வேண்டும் என்பதை அப்போதே முடிவு செய்துவிடலாம்.

வீட்டுக்கு வந்தபின் சுழலும் தூரிகை உள்ள வாக்குவம் கிளீனர் வேண்டாம். மடிக்காமல் சுருட்டி வையுங்கள். சோபாவுக்கு அடியில் அந்துப்பூச்சி குடியேறும், அவ்வப்போது இழுத்துப் பாருங்கள். பூந்தொட்டியை மட்டும் மேலே வைக்கவே வேண்டாம். கசியும் ஈரத்தில் பருத்திப் பாவு சத்தமில்லாமல் இற்றுப்போகும். பழைய கம்பளம் வாங்கும்போது இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஒரு மூலையை இரு கையாலும் மெல்ல மடித்துக் காதருகே கொண்டுபோங்கள். இற்ற இழை சுள்ளி முறிவதுபோல் நொறுங்கும்.