ஒட்டடைக்கு முதலில் தண்ணீர் காட்டாதீர்கள்

செங்கோட்டையில் ஆனி, ஆடி என்றால் சாரல். ஆரியங்காவு கணவாய் வழியாக வரும் காற்று மழைப்பொடியைக் கொண்டுவந்து சுவரில் அப்பிவிட்டுப் போகும். ஐப்பசி மழையும் ஓய்ந்து, பொங்கலுக்கு வீட்டைப் பார்க்கலாம் என்று வெளியே வந்து நின்றால் மேற்குச் சுவரில் பாசி, சன்ஷேடுக்கு அடியில் கொத்துக்கொத்தாக ஒட்டடை. தண்ணீரை வேகமாகப் பீய்ச்சும் பிரஷர் வாஷர் வாடகைக்குக் கிடைக்குமா என்று போன் வருவது அப்போதுதான். கேரள எல்லையில் இருக்கும் புளியரை செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நான் மெஷினோடு போய் வருகிறேன். இங்கே ஒட்டடை, ஆரியங்காவு தாண்டினால் மாறால. சொதப்பும் விதம் மட்டும் இரண்டு பக்கமும் ஒன்றுதான்: மெஷின் வந்த உடனே தண்ணீரைத் திறந்துவிடுகிறார்கள்.

நானும் அதைத்தான் செய்தேன். முதல் முதலாகக் கூலிக்குப் போன வீட்டில் போர்டிகோவை அரை மணி நேரம் விளாசிவிட்டு, பளிச்சென்று இருக்கிறது என்று நிமிர்ந்தேன். வெயில் ஏறி சுவர் காய்ந்ததும் சாம்பல் நிறத்தில் திட்டுத்திட்டாக எல்லாம் திரும்பத் தெரிந்தது. திண்ணையில் உட்கார்ந்திருந்த ஆச்சி சொன்னார்: “ஏய்யா, காஞ்சு கெடக்கும்போதே வாரியலால அடிச்சிருக்கலாம்லா? நனைஞ்ச ஒட்டடை பசை மாதிரி புடிச்சிக்கிடும்.”

ஆச்சி சொன்னது அப்படியே சரி. சிலந்தி நூல் ஒருவகைப் புரதம், தண்ணீரில் கரைந்து போகாது. எடையும் கிடையாது. தண்ணீர் பாய்ந்து வரும்போது அறுந்து விழாமல் ஒதுங்கிக்கொடுத்து, நனைந்து, சுவரோடு படிந்துவிடும். டெக்ஸ்சர் பெயின்ட் அடித்த சுவர் என்றால் ஒவ்வொரு குழியிலும் போய் உட்காரும். அதில் ஏற்கெனவே இருக்கும் தூசி ஈரத்தில் சேறாகிவிடும். அப்புறம் பிரஷ் போட்டுத் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும்.

அதனால் பனி காய்ந்த பிறகு, பத்து மணிவாக்கில், முதலில் ஒட்டடைக்கம்பு. அதை இப்படியும் அப்படியும் வீசாதீர்கள். வீசினால் வலை பிய்ந்து பக்கத்துச் சுவரில் ஒட்டும். பஞ்சுமிட்டாய்க்காரர் குச்சியைச் சுழற்றுவது போல கம்பை ஒரே பக்கமாக உருட்டினால் வலை மொத்தமும் கம்பில் சுற்றிக்கொள்ளும். நிரம்பியதும் கையால் உருவிப் போட்டுவிட்டு அடுத்த இடம். மேலிருந்து கீழே. ஒரு சாதாரண வீட்டுக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும். இந்த ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்தத்தான் ஆட்கள் மெஷின் எடுக்கிறார்கள், பாவம்.

வலையோடு முட்டைப்பையையும் பாருங்கள். சன்ஷேடு மூலையில், ஜன்னல் சட்டத்துக்குப் பின்னால், பஞ்சு உருண்டை மாதிரி இருக்கும். ஒன்றுக்குள் சில டஜன் முதல் நூற்றுக்கணக்கில்கூட முட்டை இருக்கலாம். தண்ணீர் அடித்தால் பல நேரம் அது சாகாது, இடம்தான் மாறும். பட்டி பிளேடால் சுரண்டி சோப்புத் தண்ணீர் வாளியில் போட்டு நசுக்குங்கள்.

அடுத்த தவறு, முதல் தவறின் பிள்ளை. படிந்த ஒட்டடை போகவில்லை என்றதும் கோபத்தில் சிவப்பு நாசிலை (தண்ணீர் பாயும் முனை) மாட்டிக்கொண்டு சுவருக்குப் பக்கத்தில் போவது. சிவப்பு என்றால் தண்ணீர் விரியும் கோணம் பூஜ்யம் டிகிரி, ஊசி போலப் பாயும். மஞ்சள் 15, பச்சை 25, வெள்ளை 40 டிகிரி. வீட்டு மெஷினே 100 பாருக்கு மேல் அழுத்தத்தில் தள்ளும். கார் டயரில் இருக்கும் காற்று இரண்டு பார் சொச்சம்தான் என்று யோசித்தால் கை தானாகப் பின்னால் வரும். பெயின்ட் சுவருக்கு வெள்ளை நாசில், குறைந்தது இரண்டடி தள்ளி. அந்தக் காலத்துச் சுண்ணாம்புக் காரை வீடு உங்களுடையது என்றால் மெஷினே வேண்டாம்.

ஓட்டு வீட்டில் இன்னொரு வம்பு. வலை இருப்பது ஓட்டுக்கு அடியில், ஆள் நிற்பது தரையில். தண்ணீர் பீய்ச்சும் கன் மேல்நோக்கித்தான் போகும். மழைத் தண்ணீர் மேலிருந்து கீழே வழிவதற்கு அடுக்கிய ஓடு அது. கீழிருந்து அடித்தால் இடுக்கு வழியாக ஏறி மச்சுக்குள் இறங்கிவிடும். இறவாரத்துக்குக் கம்பும் ஈரத்துணியும் போதும். ஏணியில் நின்று கன்னை அழுத்துவதோ கூடவே கூடாது. அது பின்னால் தள்ளும்.

வலை எங்கே அடர்த்தி? வெளிவிளக்கைச் சுற்றி. வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும். அதே இடத்தில்தான் ஒயரும் கேமராவும் மீட்டர் பெட்டியும் இருக்கும். மெஷினுக்கு கரன்ட் வேண்டுமே என்று யாரும் எதையும் அணைப்பதில்லை. வெளிவிளக்கின் எம்சிபி சுவிட்சை மட்டும் இறக்கிவிட்டு உலர்ந்த துணியால் துடைத்தால் முடிந்தது. கூசும் வெள்ளை பல்பை மஞ்சளாக மாற்றினால் பூச்சி குறையும், அடுத்த தடவை வேலையும் குறையும்.

வலைக்குக் கீழே கறுப்பும் வெள்ளையுமாகப் புள்ளி இருந்தால் அது வலை இல்லை, சிலந்தியின் எச்சம். சோப்புத் தண்ணீரில் ஐந்து நிமிடம் ஊறவிட்டு ஸ்பாஞ்ச் போடுங்கள். இதற்குப் போய் பிளீச்சிங் பவுடரையும் கக்கூஸ் கழுவும் ஆசிடையும் கலக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கலந்தால் குளோரின் வாயு வரும், நெஞ்சை அடைக்கும்.

கன்னைத் தூக்கும் முன் கூட்டமாகக் கொட்டும் கடந்தல் குளவிக் கூடு இருக்கிறதா என்று ஒரு பார்வை. இருந்தால் அந்தப் பக்கமே வேண்டாம், ஆள் கூப்பிடுங்கள். மண்ணால் கட்டிய குளவிக்கூடு அவ்வளவு ஆபத்தில்லை. அதன் உள்ளே குஞ்சுக்காகக் கொட்டி முடக்கி வைத்த சிலந்திகள்கூட இருக்கும். நம் கட்சி என்று அதை நான் பெரும்பாலும் விட்டுவிடுவேன்.

கழுவி முடித்த மறுநாள் காலை, வெயில் சாய்வாக விழும்போது சுவரோரம் நின்று பாருங்கள். விட்டுப்போன இழைகள் மினுங்கும். துணியால் துடைத்தால் வந்துவிடும். மெஷினைத் திருப்பிக் கொடுத்த பிறகு பார்ப்பது நல்லது. பக்கத்தில் இருந்தால் கை மறுபடி அதைத்தான் எடுக்கும்.