டிராக்டர் இழுத்துவிடும், சரி, நிறுத்துமா?

படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாவற்றையும் உள்ளே அடக்கிய டிராவல் டிரெய்லர் பயணத்தில் இருப்பதைவிட வீட்டு வளாகத்தில் சும்மா நிற்கும் நாட்கள்தான் அதிகம். அடியில் வளர்ந்த புல்லை வெட்ட, கழுவ, மரநிழலிலிருந்து தள்ளி வைக்க என்று அவ்வப்போது பத்து இருபது அடி நகர்த்த வேண்டியிருக்கும். இதற்குப் போய்ப் பெரிய வண்டியை எடுத்து, திருப்பி, பின்னால் கொண்டுவந்து மாட்ட வேண்டுமா என்று சோம்பல் வரும். பக்கத்திலேயே, ஏறி உட்கார்ந்து ஓட்டும் சின்னப் புல்வெட்டும் டிராக்டர் நிற்கிறது. பெயரிலேயே டிராக்டர் இருக்கிறது, இழுக்காதா என்ன?

பெரும்பாலும் இழுத்துவிடும். சிக்கலே அங்கேதான் ஆரம்பிக்கிறது. 2000 கிலோ டிரெய்லரைச் சமமான சிமென்ட் தரையில் உருட்ட 30 கிலோ அளவு விசை போதும். இரண்டு பேர் தோள் கொடுத்தாலே நகரும். டிராக்டர் அதை அலட்டிக்கொள்ளாமல் இழுக்கும். அதைப் பார்த்து, "அட, தாங்குகிறதே" என்று முடிவு கட்டிவிடுகிறோம். முதல் தவறு இந்த முடிவுதான்.

அதே டிரெய்லர் புல்தரைக்கு வந்தால் 100 கிலோவுக்கு மேல் விசை கேட்கும். மழை பெய்த மண் என்றால் இன்னும் கூடும். நூறு அடி நீளத்தில் ஐந்து அடி ஏறும் மேடு கண்ணுக்கு மேடாகவே தெரியாது, ஆனால் அது தன் பங்குக்கு இன்னொரு 100 கிலோவைச் சேர்க்கும். டிராக்டரோ ஆளோடு சேர்த்து 300 கிலோ சொச்சம். பின்சக்கரங்களின் மேல் அதில் 200 கிலோ விழுகிறது என்று வைத்தாலும், காய்ந்த புல்லில் பிடிமானம் ஏறக்குறைய அதில் பாதிதான். எஞ்சினில் எத்தனை குதிரைத்திறன் இருந்தாலும் டயர் வழுக்கினால் அத்தனையும் வீண்.

மேட்டில் ஏற முடியாமல் டயர் சுற்றினால் பெரும்பாலும் புல் கிழிவதோடு போகும். இறக்கம்தான் பெரிய ஆபத்து. நானே ஒரு தடவை காலைப் பனி காயாத புல்லில், சரிவு என்று சொல்லக்கூட முடியாத ஒரு சரிவில், டிரெய்லரோடு மெதுவாக இறங்கினேன். பிரேக்கை மிதித்தேன். பிரேக் பிடித்தது, சக்கரமும் நின்றது. டிராக்டர் நிற்கவில்லை. நின்ற சக்கரங்களோடு அப்படியே சறுக்கிப் போய், எதிரே தரை கொஞ்சம் மேடாக இருந்ததால் மட்டும் நின்றோம். பின்னால் திரும்பிப் பார்த்தால் புல்லில் இரண்டு பச்சைக் கோடுகள், இழுத்துத் தேய்த்தது மாதிரி. இத்தனைக்கும் நடக்கிற வேகம்தான்.

காரணம் எளிது. புல்வெட்டும் டிராக்டருக்குப் பிரேக் பின்பக்கம் மட்டுமே. டிரெய்லரில் மின் பிரேக் இருந்தாலும் அதை இயக்கும் கன்ட்ரோலர் இழுக்கும் வண்டியில்தான் இருக்க வேண்டும். டிராக்டரில் அது கிடையாது. ஆக 2000 கிலோவை நிறுத்துவது பிடிமானம் குறைந்த இரண்டு டயர்கள் மட்டும்தான். ஆகவே "இழுக்குமா" என்று பார்ப்பதற்கு முன் போகும் வழியை நடந்து பாருங்கள். எந்த இடத்திலும் டிரெய்லர் உங்களைத் தள்ளும் வாய்ப்பு இருந்தால் டிராக்டரை விட்டுவிடுங்கள்.

கயிறோ சங்கிலியோ கட்டி இழுப்பது இதைவிட மோசம். கயிறு இழுக்கும், தடுக்காது. நீங்கள் நின்ற பிறகும் டிரெய்லர் வரும், நேராக உங்கள் முதுகை நோக்கி.

அடுத்தது பாரம். மாட்டுவண்டி ஓட்டியவர்கள் முன்பாரம், பின்பாரம் என்று பார்த்துப் பார்த்துத்தான் ஏற்றுவார்கள். இங்கேயும் அதே கணக்கு. டிராவல் டிரெய்லரின் எடையில் 10 முதல் 15 சதவீதம் முன்மூக்கில், அதாவது கொக்கியில் இறங்கும். 2000 கிலோவுக்கு அது 200 முதல் 300 கிலோ. டிராக்டரின் எடையே அவ்வளவுதான்! இந்தப் பாரம் பின் அச்சுக்குப் பின்னால் தொங்குவதால், ஏற்றப்பலகை மாதிரி முன்பக்கம் லேசாகிறது. ஸ்டியரிங்கைத் திருப்பினால் முன்சக்கரம் திரும்பும், வண்டி திரும்பாது. டிராக்டரின் முன்னால் எடைக்கட்டி மாட்டுவது ஓரளவு உதவும். அதைவிட நல்லது, சக்கரம் வைத்த டாலியில் மூக்கை உட்காரவைத்து, பாரத்தை அது சுமக்க, டிராக்டர் இழுக்க மட்டும் செய்வது.

டிராக்டரின் கையேட்டில் இழுக்கும் எடை, கொக்கியில் இறங்கும் எடை இரண்டுக்கும் வரம்பு போட்டிருப்பார்கள். பல மாடல்களில் அது சருகு அள்ளும் குட்டி வண்டிக்கான வரம்புதான். பின்னால் துளையோடு இருக்கும் தகடும் அதற்காகச் செய்ததே. அந்தத் தகட்டில், டிரெய்லரின் மூக்கு உட்காரும் பெரிய இரும்பு உருண்டையை முடுக்கி மாட்டினால் முதலில் வளையும், பிறகு துளை நீளும். தகடு வளைகிறதே என்று இன்னும் மேலே, சீட்டுக்கு அடியில் உள்ள சட்டத்தில் கட்டுபவர்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம். இழுக்கும் புள்ளி பின் அச்சைவிட உயரமாகப் போனால் மேட்டில் டிராக்டர் முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு பின்பக்கமாகக் கவிழும். இந்த டிராக்டர்கள் பலவற்றில் கவிழ்ந்தால் ஆளைக் காக்கும் கம்பி வளைவும் கிடையாது.

உருண்டையின் அளவையும் பாருங்கள். டிரெய்லர் மூக்கில் உருண்டையைக் கவ்விப் பூட்டும் பகுதிதான் கப்ளர். 2 அங்குலக் கப்ளரில் 1 7/8 அங்குல உருண்டையும் உட்காரும், பூட்டின மாதிரியே தெரியும், முதல் குலுக்கலில் கழன்றுவிடும். பூட்டிய பிறகு ஜாக்கியால் மூக்கை ஓர் அங்குலம் தூக்கிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்: சரியாகப் பூட்டியிருந்தால் டிராக்டரின் பின்பக்கமும் சேர்ந்து எழும்பும்.

டிரெய்லரின் பாதுகாப்புச் சங்கிலியையும், அவசர பிரேக்கின் மெல்லிய கம்பியையும் "வீட்டுக்குள்ளேதானே" என்று தொங்கவிடாதீர்கள். டிரெய்லர் கழன்றுபோனால் அந்தக் கம்பி பிரேக் சுவிட்சில் செருகிய ஊசியை (பின்) உருவி, டிரெய்லரின் சொந்த பேட்டரியால் பிரேக்கைப் போட வைக்கும். பேட்டரியில் சார்ஜ் இருந்தால்தான். மாதக்கணக்கில் நிற்கும் டிரெய்லரில் பெரும்பாலும் அது செத்துக் கிடக்கும், முதலில் அதைப் பார்க்கவும். சிலர் நிறுத்தி வைப்பதற்கே இந்த ஊசியை உருவி விடுகிறார்கள். பேட்டரி வடிந்ததும் பிரேக் விட்டுவிடும்.

தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்யாமல் இழுப்பதும் உண்டு. 150 லிட்டர் என்றால் 150 கிலோ, சும்மா ஏன் இழுக்க வேண்டும்? டிரெய்லர் டயர்களில் காற்றும் அடித்துக்கொள்ளுங்கள். மூலைத் தாங்கிகளை ஏற்றிவிட்டோமா, மின்சார ஒயரைக் கழற்றினோமா, படிக்கட்டு உள்ளே போனதா என்று ஒரு சுற்று. இதெல்லாம் சொல்லவே வேண்டாம் என்று தோன்றும், ஆனால் ஒயரோடு இழுத்தவர்கள் இருக்கிறார்கள்.

திருப்பங்களில் இன்னொரு தொல்லை. இரண்டு அச்சு டிரெய்லரை ஒடுக்கமாகத் திருப்பினால் நான்கு சக்கரங்களும் ஒரே திசையில் உருளாது, பக்கவாட்டில் தேயும். அந்த இடத்தில் தேவைப்படும் விசை பல மடங்கு ஏறி, டிராக்டர் நின்று முனகும். எண்ணெய் அழுத்தத்தால் சக்கரத்தைச் சுற்றும் சின்ன ஹைட்ரோஸ்டேடிக் கியர்பெட்டி இருந்தால் உள்ளே எண்ணெய் சூடேறி இளகி, தள்ளும் சக்தி குறையும். அப்படிக் குறைந்தால் இன்னும் மிதிக்காமல் நிறுத்தி ஆறவிடுங்கள். அந்தக் கியர்பெட்டியின் பைபாஸ் லீவரை மட்டும் டிரெய்லர் மாட்டியிருக்கும்போது இழுக்கவே கூடாது. கியர்பெட்டியின் தடுப்பு போய்ச் சக்கரங்கள் கட்டவிழ்ந்து உருளும்.

பின்னால் தள்ளுவது தனிக் கலை. டிராக்டர் குட்டை என்பதால் ஸ்டியரிங்கைக் கொஞ்சம் கூடுதலாக ஒடித்தாலே டிரெய்லர் மடங்கிக்கொண்டு பின்டயரில் இடிக்கும். முடிந்தால் டிராக்டரின் முன்பக்கத்தில் உருண்டை மாட்டித் தள்ளிப் பாருங்கள். எங்கே போகிறது என்று கழுத்தைத் திருப்பாமலே தெரியும். உதவிக்கு நிற்பவர் உங்கள் கண்ணில் படும் பக்கத்தில்தான் நிற்க வேண்டும். டிராக்டருக்கும் டிரெய்லருக்கும் நடுவில் யாரும் கால்வைக்கக் கூடாது, ஒரு நொடிக்கும். கழிவுத்தொட்டி புதைத்த இடத்தின் மேல் வண்டியை ஓட்டவும் வேண்டாம்.

ஈரத்தரை, சரிவு, கையேட்டு வரம்பைத் தாண்டிய எடை, இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் வழக்கமாக இழுக்கும் வண்டியையே எடுங்கள். மோட்டார் வைத்த டாலியும் உண்டு. மண் இளகினால் அடியில் ஒட்டுப்பலகை விரித்துக்கொள்ளலாம்.

போய்ச் சேர்ந்ததும் கொக்கியைக் கழற்ற அவசரப்படாதீர்கள். முதலில் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் முட்டுக்கட்டை, அப்புறம் ஜாக்கிக்கு அடியில் ஒரு பலகை, அதற்குப் பிறகே கப்ளரைத் தூக்குவது. உருண்டையை விட்டுப் பிரியும் அந்த நொடியில் டிரெய்லர் லேசாக அசைந்து கட்டையில் போய்ச் சாயும். அது நின்றுவிட்டது என்று பார்த்த பிறகு டிராக்டரை எடுங்கள்.