கைடுபுக்கை மூடிவைத்து ஆரக்கிள் கார்டு படிப்பது எப்படி?

ஆரக்கிள் கார்டு என்பது மனசில் ஒரு கேள்வியை வைத்து எடுத்து, படத்தைப் பார்த்துப் பலன் சொல்லும் படச் சீட்டு. இதை வாங்கும் பலரும் முதல் வாரத்திலேயே ஒரு பழக்கத்தில் விழுந்துவிடுகிறார்கள். கார்டை எடுப்பது, உடனே சீட்டுக்கட்டோடு வரும் விளக்கப் புத்தகமான கைடுபுக்கைப் புரட்டுவது, அதிலுள்ள நாலு வரியைப் படித்துவிட்டு நமக்குப் பொருந்துகிறதா என்று யோசிப்பது. இப்படியே ஒரு வருஷம் போனாலும் புத்தகம் வாசிக்கத்தான் வரும், கார்டு படிக்க வராது. தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. கட்டு ஆன்லைனில் வருகிறது. கைடுபுக் ஆங்கிலத்தில் இருக்கிறது. படங்களில் பனியும் ஓநாயும் கலங்கரை விளக்கமும். அதை வைத்துக்கொண்டு பாகப்பிரிவினை, ஓசூர் வேலை, மகளின் காலேஜ் என்று கேள்வி கேட்கிறோம். படத்தை நம் கண்ணால் பார்க்கப் பழகினால்தான் இரண்டும் ஒட்டும். புத்தகத்தைத் தூக்கிப் போட வேண்டியதில்லை, அதன் முறை இரண்டாவது. அவ்வளவுதான்.

டாரட் வேறு, இது வேறு

டாரட்டும் பலன் பார்க்கும் சீட்டுதான். அதில் 78 கார்டு: 'மேஜர்' என்ற வகையில் 22, 'மைனர்' என்ற வகையில் 56. எந்தக் கம்பெனி கட்டு வாங்கினாலும் இந்தக் கணக்கு பெரும்பாலும் மாறாது. லெனோர்மாண்ட் என்ற இன்னொரு வகைச் சீட்டில் 36 கார்டு, அதற்கும் பொருள் ஏறக்குறைய நிலையானது. ஆரக்கிளில் அப்படி எதுவும் கிடையாது. 36, 44, 52 என்று எத்தனை கார்டும் இருக்கலாம். எதை வரைவது, என்ன பெயர் வைப்பது, என்ன பொருள் சொல்வது எல்லாமே அந்தக் கட்டை உருவாக்கியவரின் முடிவு. அதனால் ஒரு கட்டில் கற்ற பொருள் அடுத்த கட்டுக்குச் செல்லாது. படத்தைப் பார்க்கும் திறமை மட்டும் எல்லாக் கட்டுக்கும் கூடவே வரும். உழைப்பை அதில் போடுவது நல்லது என்று சொல்வது இதனால்தான்.

வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. விலை மிகக் குறைவாக வரும் நகல் கட்டுகளில் பெரும்பாலும் புத்தகம் இருக்காது, க்யூஆர் கோடு அச்சிட்ட ஒரு துண்டுச் சீட்டுதான் இருக்கும். அட்டை மெலிசாக இருக்கும், படத்தின் ஓரம் வெட்டுப்பட்டிருக்கும், நுணுக்கங்கள் கலங்கிப் போயிருக்கும். படத்தைப் பார்த்துப் படிக்கப் போகிறவருக்கு இது பெரிய நஷ்டம், ஏனென்றால் சேதி பாதி அந்த நுணுக்கத்தில்தான் கிடக்கிறது. யாராவது கொடுத்த பழைய கட்டாக இருந்தால் முதலில் கார்டுகளை எண்ணிப் பாருங்கள்.

நோட்டுப் போடுவது

ஒரு 200 பக்க நோட்டு போதும். ஒரு கார்டுக்கு ஒரு பக்கம். பக்கத்தின் நடுவில் ஒரு கோடு இழுங்கள். மேல் பாதி உங்களுக்கு, கீழ் பாதி கைடுபுக்குக்கு. மேல் பாதியை எழுதி முடிக்கும்வரை புத்தகத்தைத் திறக்கக் கூடாது. எழுதியதைப் பிறகு அழித்துத் திருத்தவும் கூடாது. புத்தகத்தில் வேறு மாதிரி இருந்தால் "நம்மது தப்பு போல" என்று கை தானாக ரப்பரைத் தேடும். அங்கேதான் கற்றல் நின்றுபோகிறது. பேனாவில் எழுதுங்கள்.

ஒரு நாளைக்கு இரண்டு கார்டு என்று வைத்தால் 44 கார்டுக் கட்டு 22 நாளில் முடியும். அதற்கு மேல் வேகம் வேண்டாம், ஐந்தாவது கார்டில் கண் களைத்து எல்லாப் படமும் ஒரே மாதிரித் தெரிய ஆரம்பிக்கும். கார்டின் அடியில் வார்த்தை அச்சிட்டிருந்தால் ஒரு காகிதத் துண்டால் மறைத்துவிட்டுப் பாருங்கள். "நம்பிக்கை" என்று எழுதியிருப்பதைப் படித்துவிட்டால், பிறகு அந்தப் படத்தில் வேறெதுவும் தெரியாது.

படத்தை எந்த வரிசையில் பார்ப்பது

இதற்குப் பயிற்சி எடுக்க நம் மாவட்டத்தில் அருமையான இடம் இருக்கிறது. தருமபுரி அரசு அருங்காட்சியகத்தில் உள்ள நடுகற்களின் முன்னால் ஒரு மணி நேரம் நில்லுங்கள். வட்டெழுத்து நமக்குப் படிக்க வராது, ஆனாலும் கல் பேசும். வீரன் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறான், எந்தக் கையில் வில், எந்தக் கையில் வாள், உடம்பில் அம்பு தைத்திருக்கிறதா, பக்கத்தில் மாடு செதுக்கியிருக்கிறதா, எதிரே புலி நிற்கிறதா? மாடு இருந்தால் ஆநிரைச் சண்டை, புலி இருந்தால் புலியோடு போராடி இறந்தவன். அடுக்கடுக்காகச் செதுக்கிய கல் என்றால் கீழே சண்டை, அதற்கு மேலே அவனைத் தூக்கிச் செல்லும் தேவமகளிர், உச்சியில் மேலுலகம். ஒரு வரிகூடப் படிக்காமல் ஒரு மனிதனின் முடிவைத் தெரிந்துகொள்கிறோம். கார்டுக்கும் இதே பார்வைதான்.

முதலில் கண் எங்கே போய் நிற்கிறது என்று குறியுங்கள். அடுத்து, உருவம் என்ன செய்கிறது? இதை ஒரு வினைச்சொல்லால் எழுத வேண்டும். "சோகம்", "சக்தி" என்று எழுதினால் அங்கேயே முட்டிக்கொள்வீர்கள். "திரும்பிப் பார்க்கிறாள்", "இறக்கி வைக்கிறான்" என்று எழுதினால் கேள்வியோடு சேர்க்க ஒரு பிடி கிடைக்கும். பிறகு முகம் எந்தத் திசையில், கையில் என்ன, காலடியில் என்ன, பொழுது எது என்று பாருங்கள். கடைசியாக, இருக்க வேண்டியது எது இல்லை? வண்டி இருக்கிறது, மாட்டைக் காணோம். விருந்து பரிமாறியிருக்கிறது, சாப்பிட ஆளில்லை. இந்தக் கடைசிக் கேள்வியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள், ஆனால் பல நேரம் பலன் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

ஒரு கார்டு, இரண்டு கேள்வி

இப்படி ஒரு படம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பெண் முதுகு காட்டி நிற்கிறாள். கையில் அகல் விளக்கு. எதிரே பாதி திறந்த கதவு, உள்ளே இருட்டு. ஒரு செருப்பு வாசலில் கழற்றிக் கிடக்கிறது, இன்னொன்று காலிலேயே இருக்கிறது. "புதிய வாய்ப்பு, தயங்காமல் நுழையுங்கள்" என்று கைடுபுக் சொல்லலாம்.

கேள்வி ஒன்று: "ஓசூர் வேலையை விட்டு பெங்களூரு போவதில் எனக்கு எது தடை?" ஒரு செருப்பு இன்னும் காலில், அதாவது மனசு பாதிதான் ஒப்புக்கொண்டிருக்கிறது. உள்ளே இருட்டு: அங்கே வாடகை எவ்வளவு, கையில் எவ்வளவு மிஞ்சும் என்று விசாரிக்கவே இல்லை. விளக்கு கையிலேயே இருக்கிறது: விசாரிக்க வழி உண்டு. ஆக, ராஜினாமா எழுதுவதற்கு முன் அந்தக் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒருவரிடம் பேசுவது. புத்தகம் சொன்ன "தயங்காமல்" இங்கே பொருந்தவில்லை, ஏனென்றால் படத்திலேயே தயக்கம் இருக்கிறது.

கேள்வி இரண்டு: "நிலம் பிரிக்கும் பேச்சை அண்ணனிடம் எப்படி ஆரம்பிப்பது?" இப்போது கதவு அண்ணனுடையது. அடைக்கவில்லை, பாதி திறந்துதான் இருக்கிறது. செருப்பைக் கழற்றுவது மரியாதை. விளக்கைப் பட்டா, சிட்டா நகலாக எடுத்துக்கொள்ளலாம்: எல்லாம் வெளிச்சத்தில் இருக்கட்டும். கூட யாரும் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஊர்ப் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போகாமல் முதலில் தனியாகப் போவது.

படம் ஒன்றுதான், கேள்வி மாறியதும் விளக்கு, கதவு, செருப்பு எல்லாமே வேறு வேலை செய்கின்றன. மனப்பாடம் செய்த பொருளால் இது முடியாது.

கேள்வி சரியில்லை என்றால்

கோயிலில் பூக் கேட்கும்போது சிவப்புப் பூ வந்தால் இது, வெள்ளைப் பூ வந்தால் அது என்று முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறோம். அங்கே "ஆகுமா, ஆகாதா" பொருந்தும். ஆரக்கிள் கட்டு அதற்காகச் செய்ததல்ல. "எப்போது கல்யாணம்?" என்று கேட்டு ஒரு மான் படத்தை எடுத்தால் யாராலும் நேர்மையாகப் பதில் சொல்ல முடியாது. "வரன் பார்ப்பதில் நாங்கள் எதைக் கவனிக்காமல் விடுகிறோம்?" என்று மாற்றினால் அதே மான் உதவும். எது, எப்படி, எதை என்று தொடங்கும் கேள்விகள் வேலை செய்யும். கேள்வியை எழுதிவிட்டுத்தான் கட்டைத் தொட வேண்டும்.

கலைப்பதில் பெரிய ரகசியம் இல்லை. ஆரக்கிள் கார்டு பெரிதாக இருப்பதால் விளையாட்டுச் சீட்டு மாதிரி மடக்கிக் கலைத்தால் நடுவில் மடிப்பு விழும். கையில் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து முன்னால் போட்டுக் கலையுங்கள். தலைகீழாக வந்தால் பொருள் மாறுமா, கலைக்கும்போது தானாக விழும் கார்டைச் சேர்ப்பதா இல்லையா என்பதை முன்னாலேயே முடிவு செய்யுங்கள். கார்டைப் பார்த்த பிறகு விதி வகுப்பது நம்மை நாமே ஏமாற்றுவது. புதிதாகக் கற்பவர்கள் எல்லாவற்றையும் நேராகவே வைத்துக்கொள்ளலாம். குங்குமம், எண்ணெய் பட்ட கையோடு கட்டைத் தொட வேண்டாம், கறை போகாது.

நம் ஊர்ப் பொருளா, புத்தகப் பொருளா?

இதுதான் அதிகம் குழப்பும் இடம், கொஞ்சம் நின்று பார்க்கலாம். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் ராகி விதைத்தவருக்கு யானை என்றால் ஒரு இரவில் காட்டையே மிதித்துப் போட்டுவிட்டுப் போகும் ஜீவன். பிள்ளையார் நினைவுக்கு வருவது அப்புறம்தான். கைடுபுக்கில் யானை பெரும்பாலும் பலம், ஞாபகம், பொறுமை. ஆந்தை அங்கே ஞானம், இங்கே அபசகுனம். காகம் அங்கே சாவின் நிழல், இங்கே அமாவாசைச் சோற்றுக்கு வரும் முன்னோர், இல்லையென்றால் விருந்தாளி வரும் சேதி. மானாவாரி நிலத்துக்காரர் ஆடி மாசம் கருமேகத்தைப் பார்த்தால் நிம்மதி. மா அறுப்பு நேரத்தில் பார்த்தால் வயிற்றைக் கலக்கும்.

லெனோர்மாண்டில் 6-ஆம் கார்டு மேகம். அதற்குக் குழப்பம், தொல்லை என்ற பொருள் முறையிலேயே நிலைத்தது, நாம் மாற்றக் கூடாது. ஆரக்கிளில் மாற்றலாம். ஆனால் எப்போது? மரம், மழை, விலங்கு, வீடு என்று அன்றாடம் கண்ணில் படுபவை என்றால் கேட்பவரின் அனுபவத்துக்கு முதலிடம். கிரேக்க தெய்வம், பழைய ஐரோப்பாவின் கெல்டிக் கதை என்று ஒரு மரபிலிருந்து எடுத்த படம் என்றால் புத்தகம்தான் முதலில், ஏனென்றால் கதை தெரியாமல் படம் பாதிதான். வெறும் கோலம் போன்ற வடிவமும் நிறமும் மட்டும் இருந்தால் புத்தகத்தைப் பார்க்க வெட்கமே வேண்டாம்.

இன்னொருவருக்குப் பார்க்கும்போது அவரையே கேட்பது சிறந்தது. "அக்கா, இந்தப் படத்துல உங்க கண்ணு முதல்ல எங்க போகுது?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். "இந்த யானை ஏம்மா என்னையே பாக்குது?" என்பார். அந்த வாக்கியத்திலிருந்துதான் ரீடிங் ஆரம்பிக்கிறது.

இரண்டு கார்டைச் சேர்க்கும் வழி

முதல் மாதம் ஒற்றைக் கார்டு மட்டும். பிறகு இரண்டு: "இப்போதுள்ள நிலை", "நான் செய்யக்கூடியது". ஒவ்வொன்றையும் ஒரு வாக்கியமாகச் சொல்லி, நடுவில் "அதனால்", "ஆனால்", "இருந்தாலும்" மூன்றையும் போட்டுப் பாருங்கள். "சுமையை இறக்கி வைக்கிறான், ஆனால் அவள் ஆற்றைக் கடக்கிறாள்." எந்தச் சொல் இடறாமல் உட்காருகிறதோ அதுதான் இரண்டுக்கும் உள்ள உறவு. இரண்டு உருவங்களும் ஒருவரையொருவர் பார்க்கின்றனவா, முதுகு காட்டுகின்றனவா என்பதும் உதவும். மூன்று கார்டுக்கும் இதே வழிதான். அதற்கு மேல் பரப்ப அவசரம் வேண்டாம்.

எங்கே கெட்டுப்போகிறது

பிடித்த பதில் வரும்வரை திரும்பத் திரும்ப எடுப்பது முதல் காரணம். ஒரே கேள்விக்கு மறுபடி எடுக்க வேண்டுமென்றால் நிலைமையில் ஏதாவது மாறியிருக்க வேண்டும். இரண்டாவது, கோபத்திலும் பயத்திலும் தனக்கே பார்த்துக்கொள்வது. அப்போது எல்லாப் படமும் மிரட்டும். மூன்றாவது, அங்கே இல்லாத ஒருவரின் மனசைச் சொல்வது. "அவர் என்னை ஏமாற்றுகிறாரா?" என்பதற்குக் கார்டை வைத்துப் பதில் சொன்னால் ஒரு குடும்பம் உடையலாம். வியாதிக்கு டாக்டர், நிலத் தகராறுக்கு வக்கீல். கார்டு அந்த வேலையைச் செய்யாது. மனசில் ஏற்கெனவே கலைந்து கிடப்பதை எடுத்து வரிசைப்படுத்த அது உதவும். "உங்களுக்கு தோஷம் இருக்கு, பரிகாரத்துக்குப் பணம் கட்டுங்க" என்று கார்டைக் காட்டிச் சொல்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

ஒவ்வொரு ரீடிங்குக்கும் தேதி, கேள்வி, கார்டு, சொன்ன ஒரு வாக்கியம், இவ்வளவையும் நோட்டின் பின்பக்கம் எழுதுங்கள். ஒரு மாதம் கழித்துத் திரும்பிப் பார்த்து, உதவியது உங்கள் பொருளா புத்தகப் பொருளா என்று அந்தக் கார்டின் பக்கத்தில் ஒரு டிக் போடுங்கள். மூன்று மாதத்தில் எந்தக் கார்டில் உங்கள் கண்ணை நம்பலாம், எதில் இன்னும் புத்தகம் தேவை என்று அந்த டிக்குகளே காட்டிவிடும். கட்டிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு பத்து கார்டு எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிஷத்துக்குள் வினைச்சொல்லோடு ஒரு வாக்கியம் சொல்ல முடிந்தால், அடுத்த கட்டு வாங்கலாம்.