அணில் குட்டி கடித்தால் கையை உதறாதீர்கள்

காற்று பலமாக அடித்தால் திருகோணமலை உப்புவெளிப் பக்கம் தென்னை மட்டையோடு சேர்ந்து அணில் கூடும் விழும். ஒழுங்கையில் விளையாடும் பிள்ளைகள் குட்டியைச் சட்டைக்குள் சுருட்டிக்கொண்டு நேரே என் கேற்றடிக்கு வந்துவிடுவார்கள். "அன்ரி, இதை வளர்ப்பமோ?"

முதலில் எடுத்த இடத்துக்கே அனுப்பிவிடுவேன். சின்னப் பெட்டியில் கூட்டுத் தும்போடு வைத்து, காகமும் பூனையும் அண்டாமல் தள்ளி நின்று பார்க்கட்டும். பெரும்பாலும் தாய் வந்து கவ்விக்கொண்டு போகும். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது வெறும் கதை.

பொழுதுபட்டும் தாய் வராவிட்டால்தான் நமக்கு வேலை. உடம்பு குளிர்ந்திருக்கும் குட்டிக்குப் பால் கொடுக்கக் கூடாது. சுடுதண்ணீர்ப் போத்தலைப் பழைய சாரத்தில் சுற்றிப் பக்கத்தில் வைத்து, முதலில் சூடாக்குங்கள். பசுப்பால் வயிற்றோட்டத்தில் கொண்டுபோய் விடும். மிருக வைத்தியரிடம் நாய்க்குட்டிகளுக்கான பால்மாவைக் கேளுங்கள். ஊசியில்லாத சின்னச் சிறிஞ்சால், குட்டியைக் குப்புற வைத்து, துளித்துளியாக. மூக்கால் பால் வந்தால் உடனே நிறுத்துங்கள். சுவாசப்பைக்குள் போனால் பிழைப்பது கஷ்டம்.

சரி, கடிக்கு வருவோம். கண் திறந்து ஓடத் தொடங்கியதும் இது தொடங்கும். இப்போது என்னிடம் இருக்கும் குட்டன் முன்னங்கால் இரண்டாலும் என் விரலைப் பிடித்து, மீசை துடிக்க மோந்து, பல்லை மெல்ல வைத்துப் பார்ப்பான். அது கடியல்ல, விசாரணை. விரலில் கச்சான் வாசம் இருந்தால் விசாரணை முடிந்து தண்டனைதான்! ஆகவே தொடுவதற்கு முன் கையைக் கழுவுங்கள். தீனியைக் கரண்டியில் கொடுங்கள்.

மற்றக் கடி பயத்தால் வருவது. அணிலுக்கு மேலிருந்து இறங்குவதெல்லாம் பருந்து. நம் கையும் அப்படித்தான். கையைத் தரையோடு, உள்ளங்கை மேலே பார்க்க வைத்து, கொய்யாத் துண்டை மணிக்கட்டுப் பக்கம் வையுங்கள். பிறகு அசையாதீர்கள். அதுவாக ஏறட்டும். நீங்கள் உடுத்த துணியில் ஒரு துண்டைக் கூட்டுக்குள் போட்டால் உங்கள் வாசம் பழகிவிடும். மூலையில் ஒதுங்கியதைத் துரத்திப் பிடிக்க வேண்டாம். வாலில் பிடிக்கவே கூடாது, தோல் உரிந்துவிடும்.

கடித்துவிட்டதா? உதறினால் உங்கள் தோலும் கிழியும், குட்டியும் சுவரில் போய் அடிபடும். பல்லைக் கடித்துக்கொண்டு அப்படியே இருங்கள், விட்டுவிடும். மூக்கில் சுண்டினால் அடங்கும் என்பார்கள். கையைக் கண்டு இன்னும் பயப்படத்தான் அது பழகும். முன்பற்கள் சாகும்வரை வளர்வதால் கொறிக்க ஏதாவது வேண்டும். கொய்யாக் கொப்பைப் பட்டையோடு வெட்டிப் போடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் போன் வயர்தான்.

இரத்தம் வந்தால் சவர்க்காரம் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அணிலிடமிருந்து நீர்வெறுப்பு நோய் வருவது மிக அரிதுதான். ஆனாலும் தடுப்பூசி வேண்டுமா என்பதை டொக்டர் சொல்லட்டும், மஞ்சள் பூசுகிற பக்கத்து வீட்டு ஆச்சி அல்ல.

வளர்ந்தபின் சாதுவாக இருந்தது திடீரென்று சீறிக் கடித்தால், பழக்கியது வீண் என்று நினைக்காதீர்கள். அதற்கு மரம் வேண்டியிருக்கிறது. கூட்டை மாமரத்தடியில் வைத்துக் கதவைத் திறந்து விடுங்கள். திரும்பி வந்து தின்னக் கொஞ்ச நாளைக்குத் தீனியும் வையுங்கள்.