ஆலைத் தோட்டாவைக் கையால் நகலெடுக்க முயன்ற கதை

என் .308 வின்செஸ்டர் ரைஃபிளில் துளைகள் நெருக்கமாக விழும்படி சுட்ட, 168 கிரெய்ன் எடைக் குண்டு கொண்ட ஆலைத் தோட்டாவை (தொழிற்சாலையில் தயாரானதை) அப்படியே வீட்டில் உருவாக்கிவிடலாம் என்று நம்பி, அதே எடையுள்ள குண்டை வாங்கி, தோட்டாவின் மொத்த நீளத்தையும் வெர்னியர் அளவுகோலில் அளந்து ஒப்பாக வைத்தேன். ஆனாலும் இலக்குத் தாளில் துளைகள் சிதறியே விழுந்தன.

ஆலைத் தோட்டாவைப் பிரித்து உள்ளே இருக்கும் வெடிமருந்தைப் பார்த்து எடைபோடலாமே என்ற எண்ணம் எழுந்தது. அது ஆபத்தான தவறு. ஆலைகள் பெரும்பாலும் சில்லறையில் கிடைக்காத மருந்தைப் பயன்படுத்துகின்றன, மேலும் தோற்றத்தை வைத்து மருந்தை அடையாளம் காண இயலாது. ஆகவே தோட்டா தயாரிப்புக்கான அச்சிட்ட கையேட்டின் தொடக்க மருந்தளவிலிருந்து படிப்படியாக ஏறி, குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப் காட்டிய வேகத்தை மட்டும் ஆலைத் தோட்டாவின் வேகத்தோடு ஒப்பிட்டேன். கையேட்டின் உச்சவரம்பைத் தாண்டவில்லை.

சிதறலுக்குக் காரணம் வேறிடத்தில் இருந்தது. குண்டின் கூர்முனை ஒவ்வொன்றிலும் சற்றே மாறுபடுவதால், நுனிவரை அளந்த நீளம் எனக்குப் பொய்க்கணக்கையே தந்திருக்கிறது. முனையின் வளைவில் பொருந்தும் கம்பேரேட்டர் என்ற துணைக்கருவியை வெர்னியரில் மாட்டி, தோட்டாவின் அடித்தட்டிலிருந்து அளந்தபோது, ஒரே நீளம் என்று நான் நினைத்த தோட்டாக்கள் வெவ்வேறு ஆழத்தில் அமர்ந்திருந்தன. கூடவே, பல நிறுவனங்களின் பித்தளைக் கூடுகளை நான் கலந்திருந்ததும் (சோம்பல்தான், வேறென்ன) வேகத்தைக் குலைத்தது, ஏனெனில் சுவரின் தடிமன் மாறினால் உட்கொள்ளளவும் மாறும். ஒரே நிறுவனத்தின், ஒரே முறை சுட்ட கூடுகளைத் தனியே பிரித்து, வளைவிலிருந்து அளந்து அமர்த்திய பின் துளைகள் ஒன்றையொன்று தொட்டன.